வாப்பாவின் படிக்கற்கள்

றுக்கியாவுக்குக் கடல் பிடிக்காது. கடலோரத்தில் பிறந்து, கடல்வழியாக அகதியாகி, உப்புத் தண்ணீரைக் காயவைத்தே வயிறு கழுவுகிற ஒருத்தி இப்படிச் சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் மன்னாரிலிருந்து கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியவள், அதற்குப் பிறகு இருபத்துமூன்று வருஷமாக ஒரு வள்ளத்திலும் கால் வைக்கவில்லை. கடற்கரைக்குப் போக நேர்ந்தாலும் முதுகைக் கடலுக்குக் காட்டிக்கொண்டுதான் உட்காருவாள்.

ஆனால் தண்ணீரைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு நிலத்துக்குள் கடல் புகுந்து கிடக்கிற அந்தக் களப்பின் ஓரத்தில் வேறு யாருக்கும் தெரியாது. கரைத்தீவுப் பக்கம் ஒரு தனியார் உப்பளத்தில் அவளுக்கு வேலை. முதல் ஐந்து வருஷம் வெயிலில் குனிந்து உப்பு வாரினாள். உள்ளங்கால் வெடித்து, வெடிப்புக்குள் உப்புப் புகுந்து, இரவில் காலைக் கீழே வைக்க முடியாமல் கிடந்திருக்கிறாள். பிறகு தண்ணீர் பார்க்கும் வேலை கிடைத்தது. களப்பிலிருந்து இறைக்கிற தண்ணீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து, வெயிலில் வற்றி, கனத்துக்கொண்டே போகும். எந்தப் பாத்தியில் எவ்வளவு கனம் என்று பார்த்துச் சொன்னால்தான் அடுத்த பாத்திக்குத் திறந்துவிடலாம். அதற்கு ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அடியில் ஈயக் குண்டுகள், கழுத்தில் இலக்கங்கள், இரண்டு பக்கமும் அடைத்திருக்கும். தண்ணீரில் விட்டால் நெட்டாக நிற்கும். உப்புக் கூடக் கூட மேலே எழும்பும். குறையக் குறையத் தாழும். தண்ணீர் மட்டம் எந்த இலக்கத்தைத் தொடுகிறதோ அதுதான் கணக்கு. திறந்த கடல் தண்ணீர் மூன்றரை, உப்பு விளைகிற பாத்தி இருபத்தைந்து. இதைச் சின்னப் பிள்ளையும் சொல்லும் என்பாள் றுக்கியா. சின்னப் பிள்ளைக்குத் தெரிந்தது ஒருநாள் தனக்கே தெரியாமல் போகும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

முதலில் அவள் வந்த அந்த வள்ளத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

அவளுடைய வாப்பா மீராசாஹிப்புக்கு மன்னார்த் தீவில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை இருந்தது. முஸ்லிம்கள் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று வடக்கைப் பிடித்து வைத்திருந்த ஆயுத இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்த அன்று, மனுசன் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உள்ளே பார்த்தபடி நின்றார். அரிசி மூட்டையைத் தூக்க முடியாது. அலுமாரியைத் தூக்க முடியாது. கடைசியில் தராசின் இரும்புப் படிக்கற்களை இடுப்பில் கட்டிய சாரத்தில் முடிந்துகொண்டு வந்தார். ஐந்து கிலோக் கல் இரண்டு, இரண்டு கிலோக் கல் ஒன்று. இவை கையில் இருந்தால் போகிற இடத்தில் கடை போடலாம் என்பது அவருடைய கணக்கு. தராசை விட்டுவிட்டுப் படிக்கல்லை மட்டும் தூக்கி வந்தவரை யாரும் கேலி செய்யவில்லை. ஊரே புத்தி பேதலித்து நின்ற நாள் அது.

கரையில் இரண்டு இரவு காத்துக் கிடந்த பிறகு வள்ளம் கிடைத்தது. குஞ்சு குருமானோடு ஐம்பது அறுபது பேர். உம்மா தம்பி ஸியாதைப் பெற்ற கையோடு மௌத்தாகிவிட்டதால், ஆறு வயது ஸியாத் றுக்கியாவின் மடியில் இருந்தான். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நடுக்கடலில் காற்று எழும்பியது. தண்ணீர் உள்ளே வந்தது. வள்ளக்காரன் பாரத்தை எல்லாம் எறியச் சொன்னான். பானை சட்டி போனது, உடுப்பு மூட்டைகள் போயின, ஒருவர் கொண்டுவந்த அரை மூட்டை அரிசி போனது. பக்கத்தில் இருந்தவள் சாரா உம்மா, புருஷனை இழந்து, தைத்துப் பிழைத்த பெண். தையல் மெசினின் தலைப்பாகத்தைச் சேலையால் சுற்றிப் பிள்ளையை வைத்திருப்பதுபோல மடியில் வைத்திருந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளாகவே எழுந்து, சேலையை மட்டும் உருவிக்கொண்டு, மெசினைக் கடலில் விட்டாள்.

மீராசாஹிப் இரண்டு கால்களையும் ஒட்டி வைத்துச் சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டார். வள்ளக்காரன் கேட்டபோது, எறிய ஒன்றுமில்லை என்று கையை விரித்துக் காட்டினார். கால்களுக்கு நடுவில் இருந்ததை றுக்கியா பார்த்தாள். அவள் பார்த்ததை வாப்பாவும் பார்த்தார். அவர் மெல்லத் தலையை அசைத்தார். அவள் ஸியாதை இறுக்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

வள்ளம் கரை சேர்ந்தது. ஆனால் மீராசாஹிப் கடை போடவில்லை. அகதி முகாமில் இரண்டாம் வருஷம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். படிக்கற்கள் தென்னோலைக் கிடுகுக் கூரை காற்றில் பறக்காமல் இருக்கக் கயிற்றில் தொங்கின. வீடு கட்டிக் குடிவந்த பிறகு கிணற்று மூடியின் மேல் இருந்தன. சாரா உம்மாவும் கரைத்தீவிலேயே, இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தாள். மெசின் இல்லாத கையால் தொப்பிக்குப் பூ வேலை செய்தாள், சட்டைக்குப் பொத்தான் வைத்தாள், கண் மங்கும்வரை தைத்தாள், மங்கிய பிறகும் தைத்தாள். றுக்கியா ஒவ்வொரு வியாழக்கிழமையும் போய் ஏழெட்டு ஊசிகளுக்கு நூல் கோத்து வைத்துவிட்டு வருவாள். என்ன நல்ல மனசு என்று ஊரார் சொன்னார்கள். அது நல்ல மனசா, வேறெதுவுமா என்று அவளுக்குத்தான் தெரியும்.

அவள் கலியாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்த இரண்டு இடங்களையும் ஸியாதைக் காட்டித் தட்டிக் கழித்தாள். கடலை வெறுக்கிறவள் வளர்த்த பிள்ளை கடலுக்கே போனான். அதுதான் அவளுக்கு எழுதியிருந்தது. ஸியாத் காற்றுப் போத்தலை முதுகில் கட்டிக்கொண்டு கடலட்டையும் சங்கும் எடுக்கிற சுழியோடி ஆனான். கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தான். இருபத்தொரு வயதில் ஒருநாள் ஆசைப்பட்டு ஆறு தரம் இறங்கி, அவசரமாக மேலே வந்தான். கீழே அழுத்தத்தில் சுவாசித்த காற்று இரத்தத்தில் குமிழி குமிழியாகக் கட்டிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இடது கால் விறைத்துப் போனது. இனித் தண்ணீருக்குள் இறங்கினால் மையித்தாகத்தான் வருவாய் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினார். அதன் பிறகு எட்டு வருஷம் குறிஞ்சிப்பிட்டியில் கிளைட்டனின் பைபர் வள்ளப் பட்டறையில் பிசின் மருந்து பூசுகிற வேலை செய்தான். கடலைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டான். பேசாமல் இருந்ததுதான் றுக்கியாவை உருக்கியது.

யுத்தம் முடிந்து நாலாம் வருஷம் கற்பிட்டிப் பக்கம் ஹோட்டல்கள் முளைக்கத் தொடங்கின. கொழும்பு முதலாளி ஒருவர், வெள்ளைக்காரரைப் பவளப்பாறை பார்க்கக் கூட்டிப்போகச் சின்ன நீர்மூழ்கி ஒன்று வேண்டும் என்று வரைபடத்தோடு கிளைட்டனிடம் வந்தார். கிளைட்டன் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்த கத்தோலிக்கன், நாற்பது வயது. இரும்பைக் கண்டால் சும்மா இருக்க மாட்டான். ஆறு மாதத்தில் ஒன்றைச் செய்து நிறுத்தினான். ஒருவர் உட்கார்ந்து ஓட்டலாம், மேலே வட்டக் கண்ணாடி மூடி. ஊர்க்காரர் அதற்குப் பீப்பா என்று பெயர் வைத்தார்கள். ஓட்டுகிறவன் ஸியாத் என்று முடிவானது.

அதைக் கேட்ட அன்று றுக்கியா சோறு தின்னவில்லை. ஸியாத் குசினிக்குள் வந்து, ஒரு பேசினில் தண்ணீர் நிரப்பி, தகரக் குவளை ஒன்றைக் கவிழ்த்து அமுக்கிக் காட்டினான். உள்ளே காற்று நிற்கிறவரை குவளை மேலே தள்ளும். பீப்பாவின் இரண்டு பக்கத்திலும் இதுபோல இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. பெட்டியின் அடி திறந்தே இருக்கும். மேலே ஒரு திருகு. திருகைத் திறந்தால் காற்றுப் போகும், அடியால் தண்ணீர் ஏறும், பீப்பா தாழும். மேலே வர வேண்டுமென்றால் திருகைப் பூட்டிப் போத்தல் காற்றைப் பெட்டிக்குள் விட்டால், தண்ணீர் வந்த வழியே போய்விடும். இவ்வளவுதான் வித்தை. பீப்பா கனமும் இல்லை, இலேசும் இல்லை. எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ அந்தத் தண்ணீரின் கனத்துக்குச் சரியாக நின்றால் நடுத்தண்ணீரில் அசையாமல் நிற்கும். றுக்கியா குவளையை வாங்கித் தானும் அமுக்கிப் பார்த்தாள். கை கொஞ்சம் சரிந்ததும் குபுக்கென்று ஒரு குமிழி வெளியேறியது. இது என்ன என்று கேட்டாள். சரித்தால் அப்படித்தான், சரிக்கக்கூடாது என்றான்.

“ராத்தா, இதுக்குள்ள இருந்தா கீழ போறது ஒடம்புக்குத் தெரியாது. கரையில இருக்கிற அதே காத்துதான் உள்ளயும். எனக்கு வேற வழியால கடலப் பாக்க ஏலாது” என்றான் ஸியாத்.

ராத்தா என்று அவன் அழைத்தாலும் அவனுக்கு உம்மாவும் அவள்தான். அவளால் மறுக்க முடியவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். கிளைட்டன் கற்பிட்டிப் பக்கம், கடலும் களப்பும் சேர்கிற வாயில் வைத்துப் பரீட்சை பார்ப்பதாக இருந்தான். அங்கே நீரோட்டம், ஆழம். வேண்டாம் என்றாள். உப்பளத்துக்குத் தண்ணீர் இறைக்கத் தோண்டிய மடு ஒன்று களப்பின் உள்மூலையில் இருந்தது. அலையில்லை, ஓட்டமில்லை, இரண்டு ஆள் ஆழம், சுற்றிவரக் கழுத்தளவு. அங்கே தன் கண்முன் பழகிவிட்டுத்தான் கடலுக்குப் போக வேண்டும் என்றாள். ஆழமறியாமல் காலை விடாதே என்பார்களே, அதைத்தான் செய்தாள். ஆழத்தை மட்டும் பார்த்தால் போதாது என்று அந்தப் பழமொழியில் இல்லை.

ஓகஸ்ட் கடைசியில் பீப்பாவைக் களப்பு வழியாக இழுத்து வந்தார்கள். திருகைத் திறந்ததும் காற்றுச் சீறிக்கொண்டு வெளியே போனது. பெட்டிகள் நிரம்பின. ஆனால் பீப்பா தாழவில்லை. கண்ணாடி மூடி நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீருக்கு மேலே வந்து நின்றது, அவ்வளவுதான். கிளைட்டன் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன் கணக்கில்தான் பிழை, பெட்டியைச் சின்னதாக வெட்டிவிட்டேன் என்று தன்னையே ஏசிக்கொண்டான். அவன் பிறந்ததும் உப்புத் தண்ணீர், வளர்ந்ததும் உப்புத் தண்ணீர். உப்பிலும் பல உப்பு உண்டென்று அவன் நாக்குக்கூட அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. பாரம் போதாது, பாரம் ஏதாவது வேண்டும் என்றான். அவசரத்துக்கு உள்ளிருந்தே கழற்றிவிடுகிற மாதிரி அடியில் பூட்ட ஈயக் கட்டி ஒன்று கொழும்பிலிருந்து வருவதாக இருந்தது. அது வந்து சேரவில்லை. இப்போதைக்கு எதையாவது உள்ளே வைத்தால் போதும்.

றுக்கியா வீட்டுக்குப் போய்க் கிணற்று மூடியின் மேலிருந்த மூன்று படிக்கற்களையும் ஓர் உப்புச் சாக்கில் போட்டுத் தோளில் சுமந்து வந்தாள். முதல் கல்லுக்கு மூடி இரண்டு விரல் தாழ்ந்தது. இரண்டாம் கல்லுக்கு இன்னும் கொஞ்சம். இரண்டு கிலோக் கல்லையும் ஸியாதின் கால்களுக்கு நடுவில் வைத்ததும் பீப்பா சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போய், நடு ஆழத்தில் நின்றது. மேலே வந்து மூடியைத் திறந்தபோது அவன் முகத்தில் இருந்த ஒளியை அவள் எட்டு வருஷமாகப் பார்த்திருக்கவில்லை. வாப்பாவின் கல் ஒரு நாளைக்காவது உதவிற்றே என்று அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று காலையும், ஒவ்வொரு காலையும் போல, அவள் அந்த மடுத் தண்ணீரில் குழாயை விட்டுப் பார்த்திருந்தாள். மழையில்லாத மாதங்களில் களப்பின் மூலை வற்றிக் கனத்துக் கிடந்தது. ஐந்து என்று காட்டியது. ஐந்து என்று புத்தகத்தில் எழுதினாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர்களைப் பற்றிச் சொல்வார்கள். இவள் அலையக்கூட இல்லை.

ஐந்து வாரம் பழகினார்கள். ஒக்டோபர் தொடக்கத்தில், தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று விழுந்தது; வாடைக்காற்றும் மழையும் பிடிக்க முன் கடல் எண்ணெய்போலக் கிடக்கும் நாட்கள். முதலாளி அவசரப்படுத்தினார். ஈயம் வரட்டும் என்றான் கிளைட்டன். இருபது தரம் இறங்கி ஏறியாயிற்று, இனி என்ன பயம் என்றான் ஸியாத். கடைசியில் பீப்பாவின் தலையில் ஒரு மெல்லிய வலைக்கயிற்றைக் கட்டி, நுனியில் மிதவை போட்டு, அது எங்கே நிற்கிறது என்று மேலிருந்து தெரிந்தால் போதும் என்று போனார்கள். கூடவே வள்ளத்தில் கிளைட்டனும், யூட் என்கிற மீன்பிடிக்காரனும்.

றுக்கியா கரைக்குப் போகவில்லை. சுபஹுத் தொழுதுவிட்டு வேலைக்குப் போனாள். ஒன்பதரை மணிக்கு உப்புப் பாத்தியில் குழாயை விட்டாள். குழாய் கழுத்துவரை வெளியே தெரிய நின்றது. வழக்கம்போலக் குழாயைக் கழுவ உப்பில்லாத கிணற்றுத் தண்ணீர் வாளிக்குப் போனாள். இத்தனை வருஷமாகக் கையில் பிடித்தபடியேதான் அலசுவாள். அன்று மனசு கடலில் இருந்தது, பிடி நழுவியது. குழாய் கல்லைப்போலப் போய் வாளியின் அடியில் டக்கென்று இடித்தது.

எடுத்துப் பார்த்தாள். உடையவில்லை. உடைந்திருந்தால்கூட அவ்வளவு பயம் வந்திருக்காது. அதே குழாய். அதே ஈயக் குண்டு. ஒரு குண்டுகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தண்ணீர்தான் வேறு.

மடுவில் ஐந்து. கடலில் மூன்றரை.

கிளைட்டனின் கணக்கில் பிழையே இல்லை என்று அவளுக்கு அப்போது விளங்கியது. அவன் கடலுக்குச் சரியாகத்தான் செய்திருந்தான். பீப்பா களப்பில் தாழாமல் நின்றது களப்புத் தண்ணீரின் கனத்தால். அந்தக் கனத்தை வெல்லத்தான் பன்னிரண்டு கிலோ இரும்பு வேண்டியிருந்தது. கடலில் அந்தப் பன்னிரண்டு கிலோவும் வீண் பாரம். பெட்டி நிரம்பியதும் பீப்பா நடுவில் நிற்காது, போய்க்கொண்டே இருக்கும். வள்ளமென்றால் எறியலாம். பூட்டிய பீப்பாவுக்குள் இருந்து எங்கே எறிவது? பாதுகாப்பான தண்ணீர் என்று மடுவைக் காட்டியது அவள். கல்லைச் சுமந்து வந்ததும் அவள்.

உப்பளத்தில் கிடுகு போட்டு மூடிய உப்புக் குவியலின் உச்சியில் ஏறினால்தான் போன் வேலை செய்யும். நாற்பத்தைந்து வயதில் அவள் அதில் தவழ்ந்து ஏறினாள். உள்ளங்கை கிழிந்தது. ஸியாத் தன் போனை வள்ளத்தில் விட்டுவிட்டுத்தான் இறங்குவான் என்று தெரியும். மூன்றாம் தரம் அடித்தபோது கிளைட்டன் எடுத்தான். அவன் குரலே சரியில்லை.

நடந்தது இதுதான். பீப்பா இறங்கி இருபத்தைந்து நிமிஷம் ஆகிவிட்டது. மிதவைக் கயிறு விறுவிறென்று ஓடி, பதினொரு பாகத்தில், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளத்தில் பதினொன்று ஓடி, நின்றது. பிறகு பெரிய பெரிய குமிழிகளாகக் காற்று மேலே வந்து வெடித்தது. பிறகு ஒன்றுமில்லை. யூட் கயிற்றைப் பிடித்து நாலு பாகம் மூழ்கிப் பார்த்து, மூச்சு முட்டி மேலே வந்துவிட்டான். பீப்பா உடைந்து உள்ளே தண்ணீர் நிரம்பிவிட்டது என்று கிளைட்டன் நம்பினான். நிரம்பியிருந்தால் உள்ளே போன தண்ணீர் மட்டும் ஒரு தொன்னுக்குக் கிட்டப் பாரம். இந்த நூல் கயிற்றால் இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் எங்கே கிடக்கிறான் என்றே தெரியாமல் போகும். கரைக்குப் போய்ப் பெரிய கயிறும் பெரிய வள்ளமும் கொண்டுவரப் புறப்படுகிறோம் என்றான். போய்வர இரண்டரை மணித்தியாலம். உள்ளே இருக்கிற காற்று மொத்தமே இரண்டு மணித்தியாலத்துக்குத்தான்.

“போகாதீங்க தம்பி. அது நெறையல்ல. தண்ணிதான் லேசு. களப்புத் தண்ணி அஞ்சு, கடல் மூண்டர. நீங்க செஞ்சது சரிதான், நாங்க வச்ச கல்லுதான் கூட.”

கிளைட்டன் குமிழியைச் சொன்னான். அவ்வளவு காற்று வேறெங்கிருந்து வரும் என்று கேட்டான். அவள் தகரக் குவளையைச் சொன்னாள். பீப்பா ஏதாவது பாறையில் சரிந்து கிடந்தால், ஸியாத் பெட்டிக்குள் விட்ட காற்றெல்லாம் அடியால் கவிழ்ந்து போயிருக்கும், அதுதான் குமிழி. மறுபக்கத்தில் யூட் ஏதோ கேட்பது கேட்டது.

“அக்கா, கயிறு அறுந்தா அவன நாங்க திரும்பக் காணமாட்டம். எத நம்பி இழுக்கச் சொல்லுறீங்க?” என்றான் கிளைட்டன்.

அவள் பிழையென்றால், தன் கையால் வளர்த்த பிள்ளையைத் தன் வாயால் கொல்கிறாள். உப்புக் குவியலின் மேலிருந்து களப்பு தெரிந்தது. அதற்கு அப்பால் கற்பிட்டி மண்மேடு, அதற்கும் அப்பால் அவள் இருபத்துமூன்று வருஷமாகப் பார்க்க மறுத்த கடல்.

“தம்பி, அந்தக் கல்லு வாப்பா வள்ளத்துல ஒளிச்சுக் கொண்டு வந்தது. எல்லாரும் எறிஞ்சாங்க, அவர் எறியல்ல. நான் கண்டும் வாய் தொறக்கல்ல. இண்டைக்கிச் சொல்றன். அதுல பன்னெண்டு கிலோதான் கூட. பன்னெண்டு கிலோ மீனெண்டு நெனச்சு இழுங்க.”

கிளைட்டன் யூட்டிடம், மெல்ல, குலுக்காமல் இழு என்று சொல்வது கேட்டது. போனை எங்கோ பலகையில் வைத்துவிட்டான். வைத்த போனுக்குள் அவள் காதைப் புதைத்தாள். மூச்சுச் சத்தம். கயிறு வள்ளத்தின் விளிம்பில் உரசுகிற சத்தம். ஒரு பாகம் என்றான் யூட். வெகுநேரம் கழித்து இரண்டு. அவள் ஓதத் தொடங்கி, எங்கே நிறுத்தினாள் என்று தெரியாமல் மீண்டும் முதலிலிருந்து ஓதினாள். ஐந்தில் கிளைட்டன் ஏதோ கத்தினான். ஏழில் யூட் அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. பெட்டியில் மிஞ்சிக் கிடந்த கொஞ்சக் காற்று மேலே வர வர விரிந்திருக்க வேண்டும். கடைசி மூன்று பாகத்துக்கு அவர்கள் இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒன்றேகால் தொன் இரும்பு தானாகவே எழும்பி வந்து கண்ணாடி மூடியைத் தண்ணீருக்கு மேலே காட்டியது.

பின்னேரம் ஸியாத் வீட்டுக்கு வந்தான். நடந்ததைச் சுருக்கமாகத்தான் சொன்னான். கீழே பாறையில் சரிந்து விழுந்ததும், போத்தல் காற்று முழுவதையும் விட்டானாம். அவ்வளவும் கண்ணுக்கு முன்னால் குமிழியாகப் போனதாம். பிறகு செய்ய ஒன்றுமில்லை. கால்களுக்கு நடுவில் வாப்பாவின் கல்லைப் பார்த்துக்கொண்டு இருந்தானாம். தூக்கி மடியில் வைத்தானாம், திரும்பக் கீழே வைத்தானாம்.

“எங்க எறியிறது ராத்தா” என்றான்.

அவள் அவன் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். இருபத்தொன்பது வயது ஆம்பிளை, மறுக்காமல் கிடந்தான். வாப்பா என்ன நினைத்து அன்று தலையை அசைத்தார் என்று அவள் முதல் தரமாக யோசித்தாள். அவரைக் கோபிக்க முடியவில்லை. தன்னைக் கோபிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

வியாழக்கிழமை அவள் மூன்று கற்களையும் அதே உப்புச் சாக்கில் போட்டுக்கொண்டு சாரா உம்மாவின் வீட்டுக்குப் போனாள். கிழவி வாசலில் கதிரை போட்டு, மடியில் ஒரு வெள்ளைத் தொப்பியோடு இருந்தாள். பக்கத்தில் நூல் கோக்காத ஊசிகள் குத்திய துணி. றுக்கியா கீழே உட்கார்ந்து சாக்கை அவிழ்த்தாள். வள்ளத்தில் நடந்ததைச் சொன்னாள். ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வாப்பா காலை ஒட்டி வைத்தது, தான் பார்த்தது, சாரா உம்மா எழுந்து மெசினை விட்டபோது தான் ஸியாதின் தலைமுடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது, எல்லாம். ஏசுவாள் என்று எதிர்பார்த்தாள். ஏச வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

சாரா உம்மா குனிந்து கையால் தடவினாள். பார்வை மங்கிய கண்ணுக்குப் பதில் விரல்கள் பார்த்தன. முதல் கல், இரண்டாம் கல், சின்னக் கல். சின்னதைத் தூக்கி உள்ளங்கையில் வைத்து நிறுத்துப் பார்த்தாள்.

“எல்லாம் எவ்வளவு மகள்?”

“பன்னெண்டு கிலோ.”

கிழவி கல்லைக் கீழே வைத்தாள். றோட்டால் பாண் ரொட்டி விற்கிறவன் ஒருவன் மணியடித்துக்கொண்டு போனான்.

“மெசினும் அவ்வளவுதான் இருக்கும்” என்றாள்.

றுக்கியா தலையை நிமிர்த்தவில்லை. அவளுடைய கண்ணீர் கல்லின் மேல் விழுந்து இரும்பைக் கறுப்பாக்கியது. பிறகு சாரா உம்மா துணியிலிருந்து ஓர் ஊசியை உருவி, இருட்டில் நீட்டுவதுபோல அவள் இருந்த திசைக்கு நீட்டினாள்.

“இந்தா. வெள்ள நூல்.”

றுக்கியா ஊசியை வாங்கினாள். இரண்டு தரம் நூல் காதில் ஏறவில்லை. மூன்றாம் தரம் ஏறியது.